ஏழு கோல்கீப்பர்களின் காலம்

அந்தக் கால்பந்து கிளப்பின் நவீன வரலாற்றை நான் நான்கு முறை அடுக்கி, நான்கு முறை கலைத்திருக்கிறேன். இத்தனைக்கும் எனக்குக் கால்பந்து பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அச்சகத்தில் பக்கம் கட்டுவது என் வேலை. அழைப்பிதழ், கேள்வித்தாள், நோட்டீஸ், இரங்கல் அட்டை என்று எது வந்தாலும் எழுத்தைக் கோத்துப் படத்தை வைத்துப் பக்கமாக்கித் தருவேன். வருகிறவர்களோடு சண்டை போடுவதையும் சேர்த்தே எனக்குச் சம்பளம் தருவதாக முதலாளி சொல்வார். அப்படிச் சண்டை போட்டவர்களில் ஒருவர் மட்டும் இன்னும் என் மனதை விட்டு இறங்கவில்லை.

கிளப்பில் அவரை ‘ரெக்கார்டு’ என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பதினெட்டு வயது மூத்தவர். நான் அண்ணே என்றேன். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய், வாசலில் குனிந்து எண்ணைப் பார்த்து, எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். ஊரில் எல்லா வாசலும் அவருக்குத் தெரியும். ஒரு வீட்டிலாவது உள்ளே போய் உட்கார்ந்து பேசியிருப்பாரா என்றால் சந்தேகம்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தார். அம்மா இருந்தவரை வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

சம்பளம் வாங்கிப் பார்த்த வேலை மீட்டர் ரீடிங். சம்பளம் இல்லாமல் பார்த்தது கிளப்பின் ஆட்டங்களை எழுதுவது. முப்பத்தொரு வருஷம், எழுநூற்று எழுபத்துநாலு ஆட்டம். ஒன்றுகூட விடவில்லை. ஆட்டத்துக்கு ஒரு பக்கம். தேதி, மைதானம், வெயிலா மழையா, ஆடிய பதினோரு பேர், கோல் விழுந்த நிமிடம். கடைசியில் ‘எப்படி’ என்று ஒரு கட்டம். கோல் எப்படி விழுந்தது என்பதை அதில் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைப் பெரிய தாளில் அழகாகத் திருப்பி எழுதி, திங்கட்கிழமை காலையில் கிளப் வாசல் பலகையில் ஒட்டிவிடுவார். வேலைக்குப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போவார்கள். அவர் எழுதினால் எழுதினதுதான். நடுவரோடு வாதாடினவன்கூட அந்தத் தாளோடு வாதாட மாட்டான்.

கிளப் புது கேலரி கட்டியது. திறப்பு விழாவுக்கு ஒரு புத்தகம் போடலாம் என்று முடிவானது. செயலாளர் அவரைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். செயலாளர் டயர் கடைக்காரர், வாய் நிறையச் சிரிப்பவர், எதற்கும் அவசரம்.

“தலைவர் வாரியா பிரிச்சிடுங்கக்கா. அஞ்சு தலைவர், அஞ்சு சேப்டர். ஒவ்வொருத்தர் போட்டோவும் முழுப் பக்கம். முடிஞ்சது.”

“தலைவர் எந்தப் பந்தை உதைச்சார்?” என்றார் ரெக்கார்டு.

“சரி, கோச் வாரியா?”

“வருஷத்துக்கு ரெண்டு கோச்சை மாத்தியிருக்கீங்க. அறுபது சேப்டர் வரும். நீ படிப்பியா?”

“அப்போ கோப்பை ஜெயிச்ச வருஷத்தை வச்சு?”

“மொத்தம் மூணு கோப்பை. மூணாம் பக்கத்துல புக்கு முடிஞ்சிடும். பரவாயில்லையா?”

நான் சிரித்துவிட்டேன். செயலாளர் என்னை முறைத்தார். “அக்கா, நீங்களாவது கேளுங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே இவர் ஒத்துக்க மாட்டேங்கிறார். புல் போட்ட வருஷத்துலேர்ந்துதான் நவீன காலம்னு கமிட்டியில எல்லாரும் சொல்லியாச்சு.”

“என் முதல் நோட்டுலேர்ந்துதான் நவீன காலம். அதுக்கு முன்னாடி இருந்த காகிதமெல்லாம் கூரை ஒழுகி ஊறிப்போச்சு. ஊறினது போக மிச்சம் இருக்கறது ஆளுக்கு ஆள் அடிச்சுவிடற கதை.”

“உங்க கணக்குல எப்படிண்ணே பிரிக்கணும்?” என்று நான் கேட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

“கோல்கீப்பர் வாரியா.”

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். ரெக்கார்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்து விளக்கினார். மற்ற பத்துப் பேரும் இன்றைக்கு ஓர் இடம் நாளைக்கு ஓர் இடம் என்று ஆடுவார்கள், வருவார்கள், போவார்கள். கோல்கீப்பர் ஒருத்தன்தான் நிற்க முடிகிறவரை நிற்பான். அவனை நம்பித்தான் மற்றவர்கள் முன்னே போவதும் பின்னே நிற்பதும். அவன் மாறினால் அது வேறு டீம். இந்த முப்பத்தொரு வருஷத்தில் ஏழு கீப்பர்கள், ஆகவே ஏழு காலம். கேட்கக் கேட்க எனக்கே அது நியாயமாகப் பட்டது.

ஏழு பேருக்கும் அவர் பெயர் வைத்திருந்தார். முதல் மூன்று வருஷம் ‘மரம்’. நல்ல உயரம், நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டார். அடுத்த ஆறு வருஷம் ‘பசை’. பந்து கையில் ஒட்டிக்கொள்ளும். மூன்று கோப்பையில் இரண்டு அவர் காலத்தில் வந்தவை. அப்புறம் ஒருவர். அவருக்குப் பட்டப்பெயர் இல்லை, ‘தம்பி’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதன்பின் இரண்டாம் டிவிஷனில் காலம் தள்ளிய இரண்டு பேர், பிறகு ‘வாய்’, கடைசியாக இப்போது ஆடுகிற பையன்.

“மூணாவது ஆள் வேண்டாம்,” என்றார் செயலாளர். “பசை கை ஒடிஞ்சு உக்காந்தப்ப பதினோரு மேட்ச் நின்னவர். பதினோரு மேட்ச் ஒரு காலமாண்ணே? அதுவும் நாம கீழ இறங்கின வருஷம். நம்ம மானத்தை நாமே காசு குடுத்து அச்சடிக்கணுமா?”

ரெக்கார்டு எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் முட்டியது. “அந்தப் பதினோரு மேட்ச் இல்லைன்னா என் நோட்டு ஒண்ணும் கிடையாது. நீயே உக்காந்து கதை எழுதிக்கோ.” நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். தொலைந்தது சனியன் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்?

அவரைத் திரும்ப அழைத்து வந்தது பழைய தலைவர்களின் புண்ணியம். தலைவர் வாரியாகப் பிரித்து நான் ஒரு மாதிரி கட்டிக் கொடுத்தேன். முன்னாள் தலைவர்கள் இரண்டு பேர் விரல் விட்டுப் பக்கத்தை எண்ணி, அவனுக்கு இருபது எனக்குப் பதினாறா என்று கமிட்டிக் கூட்டத்தில் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டார்கள். கோல்கீப்பர் வாரியாகப் பிரித்தால் எந்தத் தலைவருக்கும் பெருமை இல்லை. அதனாலேயே எல்லாத் தலைவரும் ஒத்துக்கொண்டார்கள். செயலாளர் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

அதன்பின் தினமும் காலை பதினோரு மணிக்கு வருவார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நோட்டைப் பார்த்துப் படிப்பார், நான் அடிப்பேன். ஓர் எழுத்து தப்பினால் போதும், “இரும்மா” என்று விரலைத் தூக்குவார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “நீங்களே அடிச்சுக்குங்கண்ணே” என்று கீபோர்டை அவர் பக்கம் தள்ளுவேன். அவர் பயந்துபோய்ப் பின்னால் நகர்வார். மதியம் நான் டப்பாவைத் திறந்தால் எழுந்து வெளியே போய், நான் சாப்பிட்டு முடித்ததும் வருவார். எங்கே போகிறார் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் மூடின கடையின் ஷட்டர் ஓரம் நின்று பன் தின்றுகொண்டிருந்தார். மறுநாளிலிருந்து கத்தி உட்கார வைத்தேன். யாரோடும் சேர்ந்து சாப்பிட்டு எவ்வளவு காலமோ, மெல்லும் சத்தம் எனக்குக் கேட்டுவிடுமோ என்று கூச்சப்பட்டார்.

மூன்றாவது கீப்பரின் பகுதிக்கு வந்ததும் அவர் படிக்கிற வேகம் குறைந்தது.

“யாருண்ணே இந்தத் தம்பி? செயலாளர்கிட்ட அவ்வளவு கோவப்பட்டீங்களே.”

“என் தம்பிதான்.”

“அய்யோ, உங்க கூடப் பொறந்த தம்பியா?”

“ஆமாம்மா. ஒன்பது வயசு சின்னவன்.” நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். “வாய் திறந்து பேசவே மாட்டான். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்.”

கடைசி ஆட்டத்தைச் சொன்னார். தோற்காமல் இருந்தால் முதல் டிவிஷனிலேயே இருக்கலாம். எண்பத்தெட்டாவது நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. வலப்பக்கத்திலிருந்து ஓர் உயரப் பந்து வந்தது. தம்பி எழும்பினான். பந்து கையிலிருந்து விழுந்தது. எதிராளி உதைத்தான். கிளப் கீழே இறங்கியது.

அவருடைய நோட்டில் ‘எப்படி’ கட்டத்தில் இருந்ததை நானே பார்த்தேன். ‘கீப்பர் தவறு. பந்து கையிலிருந்து நழுவியது.’

“இதையும் பெரிய தாள்ல எழுதி ஒட்டினீங்களா?”

“திங்கக்கிழமை காலைல ஒட்டினேன்.”

“கூடப் பொறந்தவன்னுகூடப் பாக்கலையா?”

“பாத்தா அது ரெக்கார்டு இல்லையேம்மா.” பிறகு அவராகவே சொன்னார். “புதன்கிழமை பையைத் தூக்கிட்டுப் போயிட்டான். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. வேற ஊர்ல பஸ் டிப்போவுல இருக்கான். அம்மா செத்தப்ப வந்தான், அன்னைக்கே போயிட்டான். என்கிட்ட பேசலை. நம்பர் இருக்கு. கூப்பிட்டு என்ன பேசறதுன்னு தெரியலை.”

இந்தப் புத்தகத்தில் தம்பிக்கு மற்றவர்களுக்குச் சமமாக ஒரு பகுதி வர வேண்டும், முழுப் பக்கப் படம் வர வேண்டும், விழா மேடையில் ஏழு கீப்பர்களையும் நிற்க வைக்கும்போது அவனும் வந்து நிற்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தையும் ஏழாக வெட்டியது இதற்காகத்தான். கோல்கீப்பர் தத்துவமெல்லாம் அப்புறம் சேர்த்துக்கொண்டது. “அவன் வரணும்மா, அவ்வளவுதான்” என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அவரோடு அத்தனை மல்லுக்கு நின்றிருக்க மாட்டேன்.

எனக்குக் கால்பந்து தெரியாது என்றேன் அல்லவா? தெரிந்திருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது. ஆட்டம் தெரியாதவள் எழுத்தைத்தானே பார்ப்பேன். நம் அணி போட்ட கோல்களுக்கு ‘எப்படி’ கட்டம் நிரம்பி வழிந்தது. யார் யாருக்குத் தள்ளினான், இடது காலா வலது காலா, கம்பத்தில் பட்டதா எல்லாம் இருக்கும். நாம் வாங்கிய கோல்களுக்கு இரண்டே சொல், ‘கீப்பர் தவறு.’ அடித்து அடித்து என் விரலுக்கே அது பழகிவிட்டது. ‘வாய்’ என்பவரின் ஒன்பது வருஷத்துக்கு வந்ததும் விரல் தடுமாறியது. அவருடைய பக்கங்களில் அந்த இரண்டு சொல் அபூர்வம்.

கம்ப்யூட்டரில் தேடி எண்ணினேன். முப்பத்தொரு வருஷத்தில் வாங்கியது தொள்ளாயிரத்து மூன்று கோல். அதில் ஐந்நூற்று அறுபத்தொன்று கீப்பர் தவறு. தம்பி நின்ற பதினோரு ஆட்டத்தில் வாங்கியது பதினாலு, அதில் பன்னிரண்டு கீப்பர் தவறு.

“அண்ணே, இந்த ‘வாய்’ மட்டும் தப்பே பண்ண மாட்டாரா? அவ்வளவு பெரிய ஆளா?”

“சுமாரான கீப்பர்தான். ஆனா வாய்னா வாய். பின்னாடி நிக்கிற டிஃபென்ஸ்காரன் ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லித் திட்டுவான். எவனும் எதிர்த்துப் பேச முடியாது.”

“நீங்க எங்க உக்காந்து பாப்பீங்க?”

எதிர் அணியின் கோலுக்குப் பின்னால் என்றார். மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறும்போது ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மறுகோடிக்குப் போவார். நம் ஆட்கள் போடுகிற கோலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்த பழக்கம்.

“அப்போ நாம வாங்கற கோல் எல்லாம்?”

“மறுகோடியில நடக்கும். நூறு மீட்டர் இருக்கும்.”

“அவ்வளவு தூரத்துலேர்ந்து யார் தப்புன்னு எப்படித் தெரியும்?”

“தெரியுமேம்மா. கோல் விழுந்த உடனே டிஃபென்ஸ்காரனுங்க திரும்பி கீப்பரைப் பாத்துக் கையை விரிப்பாங்க. ‘என்னடா இப்படிப் பண்ணிட்டே’ன்னு. அது எவ்வளவு தூரத்துலேர்ந்தும்…”

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தார். யார் தப்புச் செய்தாலும் திரும்பிக் கையை விரிப்பவன் தப்பித்துக்கொள்வான். வாய்க்கு முன்னால் எவனும் கையை விரிக்கத் துணியவில்லை. வாயே திறக்காத தம்பியிடம் எல்லோரும் விரித்தார்கள். இவர் அந்தக் கைகளைப் பார்த்துத்தான் முப்பத்தொரு வருஷம் எழுதியிருக்கிறார். ஆட்டமே தெரியாத எனக்கு அது புரிந்தது. அவருக்குப் புரிந்ததை முகத்தில் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அன்றைக்கு அவர் மேற்கொண்டு ஒரு வரி படிக்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் வரவே இல்லை.

மூன்றாம் நாள் வந்தவர் நின்றுகொண்டே கேட்டார். “ஞாயித்துக்கிழமை எனக்கொரு ஒத்தாசை பண்ணுவியாம்மா? ஓர் இடத்துக்குப் போகணும். தனியாப் போனா வாசல்லயே திரும்பி வந்துடுவேன்.”

அந்தக் கடைசி ஆட்டத்தில் எதிராக ஆடிய கிளப்புக்கும் இவரைப் போல ஒருவர் உண்டு, ஒரு தையல்காரர். அவரும் தன் ஆட்கள் கோல் போடுகிற பக்கம்தான் உட்கார்வார், அதாவது நம் கோலுக்குப் பின்னால். வருஷத்துக்கு இரண்டு முறை, பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும்போது, இவரும் அவரும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடு மைதானத்தின் ஓரம் எதிரும் புதிருமாகக் கடந்து போவார்கள். “மழை வரும் போலிருக்கு” என்பார் ஒருவர். “வரும்” என்பார் மற்றவர். இத்தனை வருஷத்தில் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

இரண்டு மணி நேர பஸ் பயணம். நான்தான் லொடலொடவென்று பேசிக்கொண்டு போனேன். தையல்காரர் கதவைத் திறந்தார், இவரைப் பார்த்தார், கையில் ஸ்டூல் இல்லாததால் யாரென்று தெரியாமல் ஒரு நிமிடம் விழித்தார். தெரிந்ததும் பதறிப்போனார். “நீங்களா! உள்ள வாங்க, உள்ள வாங்க” என்று துணிமூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணினார். அவருடைய நோட்டுகள் மெஷினுக்குப் பக்கத்தில் கட்டுக்கட்டாக இருந்தன. தேதியைச் சொன்னதும் எடுத்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“எண்பத்தெட்டு. வலப்பக்கத்திலிருந்து உயரப் பந்து. கீப்பர் சுத்தமாகப் பிடித்துவிட்டார். அவர்களுடைய நான்காம் எண் பார்க்காமல் பின்னால் வந்து கீப்பர் முழங்கையில் இடித்தார். பந்து விழுந்தது. நம் ஒன்பதாம் எண் உதைத்தார். கீப்பர் பாவம்.”

ரெக்கார்டு நோட்டை வாங்கித் தானும் படித்தார், விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி. “கடைசியில என்ன எழுதியிருக்கீங்க?”

“கீப்பர் பாவம்னு. எனக்குப் பாவமா இருந்துச்சு, எழுதிட்டேன். தப்புதான், ரெக்கார்டுல அதெல்லாம் எழுதக் கூடாது.” தையல்காரர் சங்கடமாகச் சிரித்தார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஊர் பேர் தெரியாத ஒருவர் அந்தப் பிள்ளைக்காக ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறார். கூடப் பிறந்தவர் ஊரே படிக்கும்படி ஒட்டியிருக்கிறார். திரும்பும் பஸ்ஸில் இதைச் சொல்லிக் கிழித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் பிரகாசமாக இருந்தது. சிறுபிள்ளை மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்து “அவன் தப்பில்லம்மா, அவன் தப்பே இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். இனிமேல் கூப்பிட்டுப் பேச அவரிடம் ஒரு விஷயம் இருந்தது. எனக்கும் சந்தோஷமாகிவிட்டது.

மறுநாள் மதியம் மெஷின் நின்ற நேரம், அச்சகத்திலிருந்தே கூப்பிட்டார். ஒரு காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நான் எழுந்து போகிறேன் என்றேன், கையைக் காட்டி உட்கார வைத்தார்.

“யாரு?”

“நான்தான்டா.”

பின்னால் பஸ் உறுமுகிற சத்தம் கேட்டது. “என்னண்ணே? உடம்பு ஏதாவது…”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். ஒரு விஷயம்டா. அந்த எண்பத்தெட்டாவது நிமிஷம். உன் தப்பில்லடா! நம்ம நாலாம் நம்பரே வந்து இடிச்சிருக்கான். எதிர் டீம் தையல்காரர் நோட்டுல அப்படியே இருக்கு, நேத்துப் போய் என் கண்ணால பாத்தேன். புக்குல மாத்திட்டேன். உனக்கு முழுப் பக்கம் போட்டோ…”

“எனக்குத் தெரியும்ணே.”

“என்ன தெரியும்?”

“இடிச்சது என் முழங்கையில. எனக்குத் தெரியாம இருக்குமா?”

இவர் போனையே பார்த்தார். “அப்போ ஏன்டா சொல்லலை?”

“சொல்லத்தான் வந்தேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், நீ தாளை விரிச்சு எழுதிட்டிருந்தே. கதவுகிட்ட நின்னேன். ‘இருடா, முடிச்சிட்டு வரேன்’னே. முடிச்சே. வரலை. காலைல எந்திரிச்சா தாளைச் சுருட்டிட்டுப் போயிட்டே.” அந்தக் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அதுக்கப்புறமும் ரெண்டு நாள் வீட்லதான் இருந்தேன். நீ கேப்பேன்னு பாத்தேன். ஊரு ஆயிரம் சொல்லட்டும்ணே, எனக்கு அதைப் பத்தியெல்லாம் ஒண்ணுமில்ல. நீ ஒரு தடவை ‘என்னடா ஆச்சு’ன்னு கேக்கலையே. இப்பவும் எவனோ எழுதினதைப் பாத்துதான் என்னை நம்பறே.”

“இப்போ கேக்கறேன். சொல்லுடா. என்ன ஆச்சு?”

“அப்போ சொல்ல நிறைய இருந்துச்சுண்ணே. இப்போ ஒண்ணுமில்ல.”

“விழாவுக்கு வரியாடா?”

“பாக்கலாம்ணே. பஸ் எடுக்கணும், வச்சிடட்டா?”

“வை.”

நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. பக்கத்தைத் திரையில் திறக்கச் சொன்னார். தையல்காரரின் வரியை அங்கே நான் ஏற்கெனவே சேர்த்திருந்தேன். எடுத்துவிடச் சொன்னார். “ஏண்ணே, அதுதானே உண்மை?” என்றேன். “உண்மைதாம்மா. ஆனா அது அவர் பாத்தது. நான் பாத்ததைத்தானே நான் எழுதணும்” என்றார். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ‘88ஆம் நிமிடம். எதிரணி கோல். எழுதியவர் மறுகோடியில் இருந்தார். கீப்பரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.’ ஐந்நூற்று அறுபத்தொன்றில் மிச்சத்தை என்ன செய்வது என்று கேட்டேன். ‘இந்நூலில் கீப்பர் தவறு என்று வரும் இடங்களை யாரும் நம்ப வேண்டாம்’ என்று முதல் பக்கத்தில் போடச் சொன்னார். செயலாளர் அதைப் பார்த்துவிட்டுக் குதித்தார். நான் பதிலுக்குக் குதித்ததில் அடங்கிப்போனார்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. மேடையில் ஆறு கீப்பர்கள் நின்றார்கள். மரம் குண்டாகிவிட்டார். வாய் மைக்கைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றார், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ரெக்கார்டு ஒரு சிரிப்புக்கும் திரும்பவில்லை, வாசலைப் பார்க்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை கதவு அசையும்போதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஏழாவது ஆளுக்கு வைத்திருந்த சால்வையைச் செயலாளர் கடைசியில் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் கலைந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். வேலை இருந்திருக்கும், டிப்போவில் லீவு கிடைத்திருக்காது என்று நான் எனக்குத் தெரிந்த சமாதானத்தையெல்லாம் சொன்னேன். அவர் காதில் வாங்கினாரா தெரியவில்லை. சால்வையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டு வந்தார்.

“ரெண்டு மணி நேரம் பஸ்ல போய்த் தெரிஞ்சுக்கிட்டேனேம்மா,” என்றார். “அன்னைக்கு அவன் பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தான்.”